அழைப்பும் இரைச்சலும்: ஆண்டாளின் திருப்பாவையில் ஒலி, அமைதி, இறைநினைவு

ஆய்வுச் சுருக்கம்

இறைவனை நினைப்பதற்கு அமைதியான தனிமை வேண்டும் என்னும் கருத்து இன்றைய சமயப் பேச்சில் பரவலாகக் காணப்படுகிறது. உலகின் ஒலி இறைநினைவுக்குத் தடை என்பதும், அதிலிருந்து விலகி ஓரிடத்தில் ஒடுங்குவதே வழி என்பதும் அக்கருத்தின் இரு கூறுகள். ஸ்ரீவில்லிபுத்தூரில் தோன்றிய ஆண்டாளின் திருப்பாவை இக்கருத்தோடு முழுமையாக உடன்படுவதில்லை. அதன் முப்பது பாசுரங்களும் ஒலிகளால் நிரம்பியவை. ஆயினும் அவை இறைநினைவின் உச்சத்தையே பாடுகின்றன. இம்முரண் எவ்வாறு இசைவு பெறுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. விடையை எதிர்பார்க்கும் ஒலியை அழைப்பு என்றும், விடைக்கு இடமளிக்காத ஒலியை இரைச்சல் என்றும் பிரித்துக் காண்பதற்குத் திருப்பாவை இடந்தருகிறது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: திருப்பாவை, நாச்சியார் திருமொழி, மௌனம், ஒலி, வியாக்கியான மரபு, ஸ்ரீவில்லிபுத்தூர், ஒலிபெருக்கி.

1. முன்னுரை

ஸ்ரீவில்லிபுத்தூரில் தொடங்கி இராசபாளையம், சேத்தூர் வழியாகத் தெற்கே நீளும் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரம் தமிழ் இலக்கிய வரலாற்றில் இரு காரணங்களால் இடம்பெறுகிறது. பெரியாழ்வாரும் ஆண்டாளும் தோன்றிய மண் என்பது ஒன்று. சேற்றூர்ச் சமீன் புலவர்களைப் போற்றிய மரபு மற்றொன்று. இன்று இப்பகுதி ஒலி மிகுந்த நிலப்பரப்பு. 1936இல் இராசபாளையத்தில் தொடங்கப்பட்ட நூற்பாலையைத் தொடர்ந்து பெருகிய ஆலைகள் இரவிலும் இயங்குகின்றன. திருமங்கலத்திலிருந்து செங்கோட்டை வழியாகக் கொல்லம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை ஸ்ரீவில்லிபுத்தூர், இராசபாளையம், சேத்தூர் ஆகிய ஊர்களை ஊடறுத்துச் செல்கிறது. சரக்குந்துகள் இரவுபகலாக ஓடுகின்றன.

இத்தகைய சூழலில் வாழ்பவர் இறைவனை நினைக்க அமைதியான பொழுதை எவ்வாறு கண்டடைவார்? தனியறையும் ஓய்வு நேரமும் வாய்த்தவருக்கு விடை எளிது. இரவுப்பணி முடித்து விடியலில் வீடு திரும்புபவருக்கும், விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டுபவருக்கும் அவ்விடை பயன்படுவதில்லை. அமைதியை இறைநினைவின் முன்நிபந்தனையாக்கினால் இறைநினைவு ஓய்வுடையோரின் உடைமையாகிவிடும். திருப்பாவை பாடும் ஆய்ச்சியரும் ஓய்வுடையோர் அல்லர். தயிர் கடைவதும் கறவைகளைப் பேணுவதும் அவர்கள் தொழில். ஆகவே அவர்களின் பாட்டில் இவ்வினாவுக்கு விடை தேடுவது பொருந்தும்.

திருப்பாவையின் ஒலிக்கூறுகளே இக்கட்டுரையின் முதன்மைத் தரவு. நாச்சியார் திருமொழியும் மாணிக்கவாசகரின் திருவெம்பாவையும் ஒப்பீட்டுக்காகக் கொள்ளப்படுகின்றன. பெரியவாச்சான் பிள்ளையின் மூவாயிரப்படி, அழகியமணவாளப் பெருமாள் நாயனாரின் ஆறாயிரப்படி ஆகியவற்றால் அறியப்படும் வியாக்கியான மரபு துணைத் தரவாக அமைகிறது.

2. மௌனத்தின் மரபு

தமிழ்ச் சமய இலக்கியத்தில் மௌனத்துக்கு வலுவான மரபு உண்டு. முருகன் தனக்கு அருளிய உபதேசமாகச் சொல்லிறந்து சும்மா இருத்தலைக் கந்தரனுபூதியில் அருணகிரிநாதர் பேசுகிறார். தாயுமானவர் தம் குருவையே மௌனகுரு என்று போற்றுகிறார். திருச்சிராப்பள்ளியில் நாயக்கர் அரசுப் பணியில் இருந்து, பின்னர் அதைத் துறந்தவராக மரபு அவரைக் காட்டுகிறது. அரசவையின் ஆரவாரத்திலிருந்து மௌனத்துக்குச் செல்லும் பயணமாகவே அவர் வாழ்க்கை நினைவுகூரப்படுகிறது.

தமிழ்க் கிறித்தவர்களிடையேயும் அதிகாலைத் தனித்தியானம் போற்றப்படும் வழக்கம். இயேசு விடியுமுன் எழுந்து தனிமையான இடத்துக்குச் சென்று செபித்ததை மாற்கு நற்செய்தி குறிப்பிடுகிறது. அறைக்குள் சென்று கதவை அடைத்துக்கொண்டு வேண்டுதல் செய்யும்படி அவர் அறிவுறுத்தியதை மத்தேயு நற்செய்தி கூறுகிறது. காண்போர் மெச்சும் பொருட்டு வீதியில் வேண்டுவோரைக் கண்டிக்கும் இடத்தில் அவ்வறிவுரை வருகிறது என்பதும் கருதத்தக்கது. அங்குக் கதவு அடைக்கப்படுவது பகட்டை விலக்குவதற்காகவே.

இம்மரபுகளின் பெருமை ஐயத்துக்கு இடமற்றது. ஆனால் அவற்றை மட்டும் கொண்டு இறைநினைவை அளந்தால் திருப்பாவை விளங்காமல் போகும். மத்தேயு நற்செய்தி அடைக்கச் சொல்லும் கதவைத் திருப்பாவை திறக்கச் சொல்கிறது. தோழியர் வீட்டுக் கதவு, நந்தகோபன் மாளிகையின் வாயிற்கதவு, நப்பின்னை இருக்கும் அறையின் கதவு என ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்ட பின்னரே இறைவன் விழிக்கிறான்.

3. திருப்பாவையின் ஒலியுலகம்

முதல் ஐந்து பாசுரங்கள் நோன்பை அறிமுகம் செய்கின்றன. இரண்டாம் பாசுரம் நோன்பின் விலக்குகளை அடுக்குகிறது. நெய்யும் பாலும் உண்ணாமை, மையிடாமை, மலர் சூடாமை ஆகியவற்றோடு பிறரைப் பற்றிக் கோள் சொல்லாமையும் அங்கு இடம்பெறுகிறது. நோன்பு தொடங்கும்போது ஆய்ச்சியர் விலக்கும் ஒலி இதுவொன்றே. பறவையின் ஒலியையோ கடைதலின் ஒலியையோ அவர்கள் விலக்கவில்லை. தம் நாவிலிருந்து எழும் தீய சொல்லையே விலக்குகின்றனர். அமைதி என்பது சூழலைத் திருத்துவதில் தொடங்காமல் பேச்சைத் திருத்துவதில் தொடங்குகிறது.

ஆறாம் பாசுரத்திலிருந்து தோழியரை எழுப்பும் பகுதி ஆரம்பமாகிறது. விடியலின் அடையாளங்கள் ஒளியைவிட ஒலியாகவே முதலில் வருகின்றன. பறவைகளின் கூவல், கோயிலின் வெண்சங்கு, முனிவரும் யோகியரும் அரியின் பெயரைச் சொல்லும் பேரொலி ஆகியவை ஆறாம் பாசுரத்தில் அமைகின்றன. ஏழாம் பாசுரத்தில் ஆனைச்சாத்தன் பறவைகள் தமக்குள் கலந்து பேசும் பேச்சும், ஆய்ச்சியரின் அணிகலன்கள் எழுப்பும் ஒலியும், மத்தினால் தயிர் கடையும் ஓசையும் ஒன்றுகூடுகின்றன. வழிபாட்டின் ஒலியும் தொழிலின் ஒலியும் இயற்கையின் ஒலியும் தரவேறுபாடின்றி அடுத்தடுத்து வைக்கப்படுகின்றன. கோயிற்சங்குக்கு ஒரு மதிப்பும் மத்தோசைக்கு ஒரு மதிப்பும் என்ற பாகுபாடு இல்லை. இரண்டும் உறங்குபவளின் செவியை நோக்கியே செல்கின்றன.

ஆறாம் பாசுரத்தின் இறுதிப் பகுதி இக்கட்டுரைக்கு மிக முதன்மையானது. இறைவனை உள்ளத்தில் கொண்ட முனிவரும் யோகியரும் மெல்ல எழுகின்றனர். அவர்கள் எழுப்பும் ஒலியோ பெரியது. அப்பேரொலி கேட்பவரின் உள்ளத்தில் புகுந்து குளிர்விக்கிறது. அசைவு மெல்லியது, ஒலி பெரியது, விளைவு குளிர்ச்சி. கருவுற்ற பெண் தன் வயிற்றுப் பிள்ளைக்கு ஊறு நேராதவாறு மெல்ல எழுவதை இங்கு உவமையாக்கி, உள்ளத்துறையும் இறைவனுக்கு அசைவு நேராதபடி யோகியர் எழுவதாக வியாக்கியான மரபு விளக்குகிறது. உள்ளே காக்கப்படும் அமைதியும் வெளியே எழும் பேரொலியும் ஒரே மனிதரிடத்தில் ஒரே கணத்தில் நிகழ்கின்றன. ஒலி இருக்குமிடத்தில் அமைதி இராது என்ற எண்ணத்தை இப்பாசுரம் தொடக்கத்திலேயே தகர்த்துவிடுகிறது.

திருவெம்பாவையின் முதற்பாடலும் இதற்குத் துணைநிற்கிறது. சிவபெருமானை வாழ்த்தும் ஒலி வீதியில் எழுகிறது. அதைக் கேட்ட மாத்திரத்தில் ஒருத்தி விம்மி, தன்னை மறந்து, மலர்ப் படுக்கையிலிருந்து புரண்டு செயலற்றுக் கிடக்கிறாள். அவளது ஒடுக்கத்துக்குக் காரணம் வீதியின் ஒலி. தெருவில் பிறந்த பாட்டு அவளைத் தெருவிலிருந்து விலக்கி உள்முகப்படுத்துகிறது. பாவைப் பாடல்களில் ஒலி உள்முகப் பயணத்தின் வாயிலாகவும் அமையக்கூடும் என்பதற்கு இது சான்று.

4. உள்ளிருப்பவளின் மறுப்பு

திருப்பாவை ஒலியை மறுப்பின்றி ஏற்கிறது என்று முடிவுசெய்வதும் தவறாகும். ஒலிக்கு எதிரான குரல் பாட்டுக்குள்ளேயே எழுகிறது. பதினைந்தாம் பாசுரம் வெளியே நிற்கும் தோழியருக்கும் உள்ளே இருப்பவளுக்கும் இடையிலான உரையாடல். இன்னமும் உறங்குகிறாயோ என்று வெளியே உள்ளோர் கேட்க, இவ்வளவு கூரிய குரலில் அழைக்கவேண்டா, வருகிறேன் என்கிறாள் உள்ளிருப்பவள். இரைச்சல் மிகுந்த உலகத்தின் மீது இறைநினைவில் இருப்பவர் வைக்கும் குறையை அதன் சுருக்கமான வடிவில் இங்குக் காணலாம்.

வியாக்கியான மரபு இம்மறுப்பைச் சிறப்பாக மதிக்கிறது. அம்மரபின்படி தோழியரின் உறக்கம் வெறும் உறக்கமன்று. கண்ணன் அனுபவத்தில் தனித்து ஆழ்ந்திருக்கும் நிலை. ஆகவே கூரிய குரலுக்கு அவள் காட்டும் மறுப்பு, தியானம் கலைக்கப்பட்டவளின் மறுப்பாகிறது. இவ்விளக்கத்தை ஏற்றால் ஒரு வினா எழுகிறது. அவள் தியானத்தில்தான் இருந்தாள் என்றால் அவளை ஏன் எழுப்ப வேண்டும்? இருவேறு இறைநினைவுகள் இங்கு மோதுகின்றன: தனித்து ஆழ்தல் ஒன்று, கூடி அனுபவித்தல் மற்றொன்று.

பாட்டு இம்மோதலைத் தீர்க்கும் முறை நுட்பமானது. உள்ளிருப்பவளின் மறுப்பு செவிமடுக்கப்படுகிறது. அதற்கு வெளியே உள்ளோர் எதிருரைக்கின்றனர். உன் பேச்சின் வன்மையை நாங்கள் முன்பே அறிவோம் என்கின்றனர். வன்மை உங்களுடையதே என்று தொடங்கும் அவள், அக்குற்றம் தன்னுடையதாகவே இருக்கட்டும் என்று முடிக்கிறாள். பிறர் சாற்றிய குற்றத்தை மறுக்காமல் ஏற்கும் இவ்விடத்தை வைணவ உரைமரபு அடியாருக்குரிய இயல்பாகப் போற்றுகிறது. பின்னர் எல்லோரும் வந்துவிட்டனரா என்று கேட்கிறாள். வந்து எண்ணிக்கொள் என்கின்றனர். அவளது தனிமை வலிந்து உடைக்கப்படவில்லை. கேள்வியும் விடையுமாக நடந்த உரையாடலின் முடிவில் அவளே வெளியே வருகிறாள்.

இந்நோக்கில் முந்தைய பாசுரங்களை மீண்டும் படித்தால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. பத்தாம் பாசுரத்தில் தோழியர் கேட்பது கதவைத் திறக்காவிட்டாலும் ஒரு மறுமொழியேனும் தரக்கூடாதா என்பதே. பன்னிரண்டாம் பாசுரத்தில் தலையில் பனி விழ வாசலில் நின்றபடி, இராமனைப் பாடியும் நீ வாய் திறக்கவில்லையே என்கின்றனர். பத்தொன்பதாம் பாசுரத்தில் இறைவனிடமே வாய்திறந்து பேச வேண்டுகின்றனர். எழுதல், திறத்தல், வருதல் ஆகியவற்றோடு விடையளித்தலும் இடையறாது வேண்டப்படுகிறது. ஆய்ச்சியரை வருத்துவது அமைதியின்மையன்று. விடையின்மையே அவர்களை வருத்துகிறது.

5. ஊமையும் செவிடும்

ஒன்பதாம் பாசுரத்தில் விளக்கெரியும் மாடத்தில் உறங்குபவளைப் பார்த்துத் தோழியர் அவளுடைய தாயிடம் வினவுகின்றனர்: உங்கள் மகள் ஊமையோ, செவிடோ, சோம்பலோ? விளையாட்டாகத் தொனிக்கும் இவ்வினாவை நாச்சியார் திருமொழியின் பன்னிரண்டாம் திருமொழியோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அங்கு மாதவன் மீது கொண்ட காதலில் தோய்ந்தவளுக்கு உறவினர் அறிவுரை கூறுகின்றனர். அவர்களின் சொற்கள் தனக்கு ஊமையும் செவிடரும் பேசிக்கொள்ளும் பேச்சைப் போன்றவை என்கிறாள் அவள்.

இரு பனுவல்களிலும் அதே இரு சொற்கள் வருகின்றன. ஆனால் நிலை தலைகீழாகிறது. திருப்பாவையில் வெளியே நிற்பவர்கள் உள்ளிருப்பவளை ஊமையோ செவிடோ என ஐயுறுகின்றனர். நாச்சியார் திருமொழியில் காதலில் ஆழ்ந்தவளே வெளியுலகின் பேச்சை ஊமை–செவிடர் பேச்சாகக் காண்கிறாள். முன்னதில் ஒலி அவளைச் சேர்த்துக்கொள்ள விழைகிறது. பின்னதில் ஒலி அவளைத் திருத்த விழைகிறது. முன்னதைக் கேட்டு ஒருத்தி எழுந்து வருகிறாள். பின்னதைக் கேட்டு அவ்விடத்தை விட்டே தன்னைக் கண்ணன் ஊருக்குக் கொண்டு சேர்க்கும்படி வேண்டுகிறாள். எல்லா ஒலியையும் ஏற்பவள் என்றோ எல்லா ஒலியையும் வெறுப்பவள் என்றோ ஆண்டாளைக் கூற இயலாது என்பதை இவ்வொப்பீடு உணர்த்துகிறது.

சங்கும் குயிலும் இவ்வேறுபாட்டை உறுதிசெய்கின்றன. திருப்பாவையில் கோயிற்சங்கு ஊர் முழுவதற்கும் பொதுவான அறிவிப்பு. நாச்சியார் திருமொழியின் ஏழாம் திருமொழியில் அதே சங்கம் அந்தரங்கத் தோழியாகிறது. இறைவனின் வாய்ச்சுவையையும் மணத்தையும் பற்றி அவள் அதனிடம் வினவுகிறாள். திருப்பாவையின் பதினெட்டாம் பாசுரத்தில் விடியலை அறிவிக்கும் குயில், நாச்சியார் திருமொழியின் ஐந்தாம் திருமொழியில் இறைவன் வருமாறு கூவும்படி வேண்டப்படுகிறது. ஒலியெழுப்பும் பொருளோடு உரையாட முடியும் என்ற நம்பிக்கை இரு நூல்களுக்கும் பொது. எனவே அழைப்பையும் இரைச்சலையும் பிரிப்பது ஒலியின் அளவன்று; விடை சொல்லும் வாய்ப்பே.

6. பறையைக் கேட்டலும் விடுதலும்

முதற்பாசுரத்திலிருந்தே ஆய்ச்சியர் பறையைப் பெற விழைகின்றனர். பறை இசைக்கருவியையும் விரும்பிய பேற்றையும் குறிக்கும். இருபத்தாறாம் பாசுரத்தில் இவ்வேண்டுகோள் ஒலிவடிவில் விரிகிறது. பாஞ்சசன்னியத்தை ஒத்து முழங்கும் சங்குகள், மிகப்பெரிய பறைகள், பல்லாண்டு பாடுவோர் ஆகியவை கேட்கப்படுகின்றன. இருபத்தேழாம் பாசுரத்தில் நோன்பின் விலக்குகள் நீங்குகின்றன. அணிகலன்கள் அணிந்து, நெய் பெருகும் பாற்சோறுண்டு, எல்லோரும் கூடியிருந்து குளிர்வது பேறாக அமைகிறது. ஆறாம் பாசுரத்தில் பேரொலியால் நிகழ்ந்த குளிர்ச்சி இங்குக் கூட்டத்தால் நிகழ்கிறது.

இருபத்தொன்பதாம் பாசுரம் இவ்வளவையும் திருப்பிப்போடுகிறது. விடியற்காலத்தில் வந்து வணங்கியதன் பொருள் அன்றைக்குப் பறையைப் பெறுவதற்காக அன்று என்கின்றனர். எந்நாளும் இறைவனோடு உறவுடையோராய் அவனுக்கே தொண்டு செய்தலும், ஏனைய விருப்பங்கள் மாறுதலுமே வேண்டுவது என்கின்றனர். உரைமரபு பறையைக் கைங்கரியம் எனப் பொருள்கொள்ளும். ஒலியின் நோக்கில் பார்த்தாலும் இத்திருப்பம் பொருள் பொதிந்தது. ஒலிகளின் வழியே நடந்த நோன்பு முடிவில் ஒலிக்கருவியையே கைவிடுகிறது. திருப்பாவையிலும் ஒருவகை அமைதி உண்டு. ஆனால் அது தொடக்கத்தில் வைக்கப்படும் நிபந்தனையன்று, கூடி நடந்து சென்றதன் பயன். தாயுமானவர் சொல்லை விட்டு அமைதி அடைகிறார். ஆண்டாளின் ஆய்ச்சியர் விருப்பத்தை விட்டு அமைதி அடைகின்றனர்.

7. ஒலிபெருக்கியின் மார்கழி

இவ்வாய்வின் முடிவை இன்றைய மார்கழியோடு பொருத்திப் பார்ப்பது தவிர்க்க இயலாதது. அரியக்குடி இராமானுச ஐயங்கார் இசையமைத்த திருப்பாவை, எம்.எல். வசந்தகுமாரியின் குரலில் இசைத்தட்டாகி, தமிழக ஊர்களின் விடியலில் ஒலிபெருக்கி வழியே ஒலித்தது. இதன் நன்மையைக் குறைத்து மதிப்பிடலாகாது. சந்நிதியில் ஓதப்பட்ட பாசுரங்கள் வீதியை அடைந்தன. பள்ளியில் பயிலாதவரும் கேட்டுக்கேட்டே மனனம் செய்தனர். வீட்டுவேலையின் நடுவே செவிவழியாக இறைநினைவு பெறுதல் ஏழாம் பாசுரத்தின் கடைதல் ஓசைக்கு அந்நியமானதும் அன்று.

எனினும் ஒலிபெருக்கி பாட்டின் ஒரு கூறை இழக்கச் செய்கிறது. கூரிய குரலில் அழைக்கவேண்டா என்று பதினைந்தாம் பாசுரத்துப் பெண் சொன்னால் வாசலில் நிற்பவர்களுக்கு அது கேட்கும். ஒலிபெருக்கிக்குக் கேட்காது. பிரசவித்த தாயும், நோயுற்றவரும், இரவுப்பணி முடித்துப் படுத்த ஆலைத்தொழிலாளியும் அதனோடு உரையாட முடியாது. ஒரே பாசுரம், ஒரே பொழுது, அழைப்பு இரைச்சலாகிவிடுகிறது.

சட்டம் இவ்விடரை வேறு சொற்களில் அணுகியுள்ளது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையுள்ள நேரத்தை இரவு என வரையறுத்து, அந்நேரத்தில் திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடைசெய்கின்றன. குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55 டெசிபல், இரவுக்கு 45 டெசிபல் என்பது அளவு. விழாக்களுக்காக மாநில அரசு ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் அளிக்கக்கூடிய தளர்வும் நள்ளிரவு 12 மணியோடு முடிகிறது. திருப்பாவை பாடும் வைகறை சட்டத்தின் கணக்கில் இரவு. சென்னையில் தேவாலயம் ஒன்றுக்கும் குடியிருப்போர் சங்கம் ஒன்றுக்கும் இடையே எழுந்த வழக்கில் 2000இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பிறர் அமைதியைக் குலைத்து வழிபடுமாறு எந்தச் சமயமும் விதிக்கவில்லை என்ற கருத்தை முன்வைத்தது. அத்தீர்ப்பு எல்லாச் சமயத்துக்கும் பொருந்துவது.

சட்டம் டெசிபலை அளக்கிறது; அது அதன் கடமை. திருப்பாவை அளப்பது வேறு. ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்றும் தொடரும் அரையர் சேவையில் கூம்புக்குல்லாய் அணிந்த அரையர் தாளமிட்டுப் பாசுரத்தைப் பாடி அபிநயிக்கிறார். அதன் இயல்பான எல்லை மனிதக்குரல் எட்டும் தொலைவு; அவ்வெல்லைக்குள் பாடுபவரும் கேட்பவரும் ஒருவரையொருவர் காண முடியும். வாசலில் நின்ற ஆய்ச்சியரின் குரலுக்கும் இதுவே எல்லை.

8. முடிவுரை

இவ்வாய்வால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, திருப்பாவை உலகின் ஒலியை இறைநினைவின் பகையாகக் கருதவில்லை. தொழிலின் ஒலியையும் வழிபாட்டின் ஒலியையும் ஒருசேர உள்ளத்துக்குள் செல்லும் வழியாக்குகிறது. இரண்டாவது, இறைநினைவில் ஆழ்ந்தவரின் மறுப்புக்கு அது இடமளிக்கிறது. அம்மறுப்பைக் கேட்டு விடைகூறுவதால்தான் ஆய்ச்சியரின் குரல் அழைப்பாக நிலைபெறுகிறது. மூன்றாவது, அமைதி நோன்பின் இறுதியில், விருப்பம் மாறும் நிலையில் எய்தப்படுகிறது.

இவற்றால் மௌன மரபின் மதிப்பு குறைவதில்லை. தனியிடம் வாய்த்தவருக்கு அது திறந்தே உள்ளது. வாய்க்காதவருக்கு ஆண்டாள் வேறொரு வழியைக் காட்டுகிறாள். கோள் சொல்லாமையால் நாவில் தொடங்கி, உள்ளிருக்கும் இறைவனுக்கு அசைவு நேராமல் மெல்ல எழுந்து, அழைப்பவருக்கு விடை கூறி, அவர்களோடு கூடி நடக்கும் வழி அது. ஆலைச்சங்கு ஒலிக்கும் ஊரிலும் அவ்வழியில் நடக்க இயலும். அவ்வாறு நடப்பவர் தாம் எழுப்பும் ஒலிக்குப் பிறர் கூறும் மறுப்பையும் கேட்கக் கடமைப்பட்டவர் என்பதைப் பதினைந்தாம் பாசுரம் உடன்சேர்த்தே உணர்த்துகிறது.